ஐந்தரை இலட்சமும் அயலவர் கைகளும்

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்குக்கு உரியவை. எஞ்சிய 4,000 மலையகத்துக்கு. பிரதான கட்டம் 2012 ஒக்டோபரில் தொடங்கியது. புதிய வீட்டுக்கு 550,000 ரூபா. முதல் 1,000 வீடுகளுக்குப் பிறகு காசு ஒப்பந்தகாரரிடம் போகவில்லை. வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைப் பிடிப்பதும் சீமெந்து வாங்குவதும் அவர் பொறுப்பு.

நல்ல முறைதான். ஆனால் கணவனையும் வளர்ந்த பிள்ளையையும் போரில் பறிகொடுத்த பெண் யாரை வைத்துக் கட்டுவாள்? எங்கள் பக்கத்தில் அத்திவாரக் கிடங்கு வெட்டியது அயலட்டைப் பெடியள். கிணறு தூர்ந்துபோன வளவுகளுக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தார்கள். கட்டிய சுவரை நாள்தோறும் நனைக்க வேண்டுமே. வீடு முடித்தவர்கள் மிஞ்சிய சீமெந்தையும் சாரப் பலகைகளையும் கொடுத்தார்கள். மேசனுக்குச் சாப்பாடு முறை வைத்துப் போனது. இவற்றுக்கு யாரும் கூலி பேசி நான் காணவில்லை. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த உழைப்புக்கு ஒரு நிரல் இருந்திருக்க வேண்டும்.

அப்படியும் மணலும் மரமும் விலை ஏற, நகையை அடைவு வைத்தவர்கள் பலர்.

காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்ட முடியாதவர்கள் பட்டியலில் சேரவே சிரமப்பட்டார்கள். கொட்டிலுக்குக் கிடுகு கொடுக்க அயலவர் இன்றும் இருக்கிறார்கள். காணிப் பத்திரத்தை அரசுதான் கொடுக்க வேண்டும்.