ஒரு ராத்தல் தானியமும் பெண்ணின் பங்கும்

1876இல் மழை பொய்த்தது. சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களிலும் பல லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். தமிழில் அது தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்ததற்கு எந்த அரசையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வந்த சாவுகளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் அன்றைய விவாதம். அதில் பெண் எங்கே இருந்தாள் என்று நான் தேடுகிறேன்.

1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால், பணத்தை வாரி இறைத்தார் என்ற பழிதான் அவருக்கு மிஞ்சியது. 1877 ஜனவரியில் அதே டெம்பிளை வைஸ்ராய் லிட்டன் செலவைக் கட்டுப்படுத்தச் சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு, நாளெல்லாம் உழைத்தால், ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் என்று கூலியை நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். பெண்ணுக்கு அதிலும் குறைவு.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். மார்ச் மாதம் மாகாண அரசு பாதி இறங்கிவந்து, ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்பும் தந்தது.

கார்னிஷின் பக்கம்தான் நியாயம். ஆனாலும் விவாதத்தின் மையத்தில் இருந்தது உழைக்கும் ஆணின் உடல்தான். பெண்ணும் மண் சுமந்தாள். பிறகு விறகு பொறுக்கி, தண்ணீர் தேடி, கிடைத்ததைக் காய்ச்சி, எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் பானையைப் பார்த்தாள். இந்த வேலைக்குக் கூலிப் பட்டியலில் இடமில்லை. பால் கொடுக்கும் உடலுக்கு அதிகம் தேவை என்ற எளிய கணக்கும் குறைந்த கூலியில் அடிபட்டுப்போனது.

அந்தக் காலத்துப் பெண்ணாக மதுரையில் இன்றும் சொல்லப்படும் பெயர் குஞ்சரம்மாள். தாசி மரபைச் சேர்ந்த அவர் தன் செல்வத்தையெல்லாம் கரைத்து ஊருக்குக் கஞ்சி ஊற்றினார் என்பார்கள். அந்தக் கதையைக் கேட்டால் எனக்கும் கை கூப்பத் தோன்றும். கூடவே கோபமும் வரும். ஊர் ஒதுக்கிவைத்த ஒருத்தி தன் நகையை விற்றுக் கஞ்சித்தொட்டி நடத்த வேண்டியிருந்தது என்றால், வரி வசூலித்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பெண்ணின் கருணையைப் புகழும்போது இந்தக் கேள்வி மறைந்துபோகிறது.

பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. நிவாரணம் அரசின் கடமை என்பது, அத்தனை சாவுகளுக்குப் பிறகு, எழுத்தில் வந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பின், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடைகள் வழியாக 6,000 ரூபாய் தரப்பட்டது. கடமை என்று ஏற்று அரசு தந்த பணம் அது, தேவையானதும்கூட. ஆனால் கணக்கு இன்னமும் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்குள் யார் கர்ப்பிணி, சேற்றைக் கழுவியது யார், கடைசியாகச் சாப்பிட்டது யார் என்பதையும் நிவாரணம் கேட்க வேண்டும். அதை நாம்தான் கேட்க வைக்க வேண்டும்.