சுஃப்ரேன் கப்பலுக்குக் கயிறு திரித்த கதை

புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதி வழியாக நாம் எல்லோரும் நடந்திருக்கிறோம். அந்தப் பெயருக்குரிய கடற்படைத் தளபதியைப் பற்றி, நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஐந்து சண்டைகளை உருப்போட வைத்தார்கள். சதுரங்கப்பட்டினம், புரொவிதியேன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். 1782 பிப்ரவரியில் தொடங்கி 1783 ஜூனில் முடியும். தேதி தவறினால் விரல் முட்டியில் அடி விழும். ஐந்தும் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கப்பல்களில் கயிறு என்று ஒன்று இருந்ததையே எனக்கு எழுபத்து மூன்று வயதில்தான் ஒரு பொம்மைக் கப்பல் கற்றுக்கொடுத்தது.

அந்தக் கப்பல் என்னுடையது அல்ல, என் வகுப்புத் தோழனுடையது. அவன் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து தூலோனில் பல வருடம் இருந்தவன். சுஃப்ரேனின் கொடிக்கப்பலான 'எரோ' கட்டப்பட்டதும் அதே தூலோனில்தான். 74 பீரங்கிக் கப்பல், 1778இல் கடலில் இறக்கினார்கள். ஊர் திரும்பிய பிறகு அதன் மாதிரியை 72இல் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்யத் தொடங்கினான். ழான் பூதிரியோ 74 பீரங்கிக் கப்பலைப் பற்றி எழுதிய நான்கு பெரிய தொகுதிகள் அவனிடம் இருந்தன. உடல் முடிந்தது, பாய்மரங்களும் நின்றன. அதற்குள் அவனுக்குக் கண் போய்விட்டது. "கயிறு மட்டும்தான்டா பாக்கி, நீ கட்டிடு" என்று கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டான்.

'கயிறு மட்டும்' என்றானே, அங்கேதான் ஏமாந்தேன். நான் அரசு எழுத்தனாக இருந்தவன். எனக்குத் தெரிந்த ஒரே கயிறு கோப்பு கட்டும் நாடா.

முதலில் இரண்டு வகைக் கயிறு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பாய்மரத்தை விழாமல் பிடித்து நிற்கும் கயிறுகள் அசையாதவை. அவற்றுக்குத் தார் பூசுவார்கள், கரும்பழுப்பாக இருக்கும். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் கப்பிகளில் ஓடுபவை. அவை வெளிறிய நார் நிறம். எல்லாவற்றையும் ஒரே கறுப்பு நூலில் கட்டினால் கடைச் சாமான் போல இருக்கும். பாய்மரத்தின் இரு பக்கமும் ஏணி போல விரிந்து இறங்கும் பக்கக் கயிறுகளுக்குப் பிரெஞ்சில் ஓபான் என்று பெயர். அவற்றின் அடியில் மூன்று துளை போட்ட வட்ட மரக்கட்டைகள் இருக்கும். அந்தத் துளைகளில் சிறு கயிறு கோத்து இழுத்துத்தான் ஓபானை விறைப்பாக்க வேண்டும். மூன்று துளையும் முகம் போலத் தெரியும். பிரெஞ்சுக்காரன் அதை ஆட்டுத்தலை என்றான், ஆங்கிலேயன் செத்த கண் என்றான். எனக்கு ஆடுதான் தெரிந்தது, படித்த படிப்பு அப்படி.

கடை நூலை அப்படியே கட்டினால் நூலாகத்தான் தெரியும். கயிறாகத் தெரிய வேண்டுமானால் திரிக்க வேண்டும். மொட்டை மாடியில் ஒரு முனையில் பல்சக்கரத்தோடு சுற்றும் மூன்று கொக்கி, மறுமுனையில் ஒரே கொக்கியும் எடையும், நடுவே மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை என்று ஒரு சிறு கருவி செய்தேன். அந்தக் கட்டைக்குத் தூப்பேன் என்று பெயர், நம் பம்பரம்தான். சுற்றச் சுற்ற மூன்று புரியும் பம்பரத்துக்குப் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து கயிறாகும். நூலின் பூவைத் தேன்மெழுகு தேய்த்து அடக்கினேன்.

பிரான்சில் ரோஷ்ஃபோர் ஊரில் அரசன் கட்டிய கயிற்றுச்சாலை இன்றும் நிற்கிறது. 1666இல் தொடங்கியது, நீளம் 374 மீட்டர். கயிறு எவ்வளவு நீளம் வேண்டுமோ, அதைவிடக் கூடுதல் நீளத்துக்குக் கட்டிடம் வேண்டும், ஏனென்றால் முறுக்க முறுக்க நார் குறுகும். மூன்றில் ஒரு பங்கு குறுகும்வரை முறுக்குவது பழைய வழக்கம். 1747இல் கயிற்றுக்கலை பற்றிப் புத்தகம் எழுதிய துய்யாமெல் துய் மோன்சோ, கயிறுகளை அறுந்துபோகும்வரை இழுத்துச் சோதித்து, குறைவாக முறுக்கிய கயிறே அதிகம் தாங்கும் என்று காட்டினார். நானும் முதலில் மூன்றில் ஒன்று வரை முறுக்கினேன். கயிறு கம்பி போல விறைத்துச் சுருண்டுகொண்டது. காலில் ஒன்றாகக் குறைத்ததும் அடங்கியது.

ஐந்து மாதத்தில் மூன்று பாய்மரத்துக்கும் ஓபான் கட்டினேன். தோழனை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கையால் தடவினான். கட்டைகளை எண்ணினான், தலையாட்டினான். பிறகு ஒரு ஓபானில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே மெல்ல இழுத்தான். நின்றான். இன்னொன்றில் இழுத்தான்.

"என்னடா இது, ஓபானுக்கு நங்கூர வடத்தையா கட்டியிருக்க?"

விஷயம் இதுதான். சங்கில் இருப்பது போலக் கயிற்றிலும் வலம்புரி, இடம்புரி உண்டு. சாதாரண கப்பல் கயிறு வலப்பக்கம் முறுக்கியது. அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் வருவது நங்கூர வடம், அது இடம்புரி. முறுக்கு ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால்தான் அவிழாது. நான் வாங்கிய தையல் நூல் கடையிலேயே வலப்பக்கம் முறுக்கி வந்தது. அதை மூன்றாகச் சேர்த்தால் இடம்புரிதான் வரும். என் 'எரோ' முழுக்க நங்கூர வடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். பார்க்க முடியாதவன்தான் கண்டுபிடித்தான். தோழன் சிரித்துவிட்டு, "விடுடா, நல்லாத்தான் இருக்கு" என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிரவு சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன்.

வெட்டும்போதுதான் திருகோணமலைச் சண்டை எனக்குப் புரிந்தது. 1782 செப்டம்பர் 3. 'எரோ'வின் நடுப்பாய்மரம் சாய்ந்தது. பீரங்கிக் குண்டு மரத்தின் மேலேயே பட வேண்டியதில்லை. ஒரு பக்கத்து ஓபான்கள் அறுந்தால் போதும், பாயின் இழுப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கொடியும் கூடவே விழுந்ததால் எதிரி சரணாகதி என்று ஆரவாரம் செய்தானாம். சுஃப்ரேன் கப்பல் முழுக்க வெள்ளைக் கொடி கட்டச் சொன்னார் என்பார்கள். பிரெஞ்சு அரசனின் கொடி அப்போது வெள்ளை.

எங்கள் வரலாற்றுப் பாடம் அங்கே முடிந்துவிடும். ஆனால் புது மரத்துக்கும் கயிற்றுக்கும் எங்கே போவது? புதுச்சேரி 1778 முதல் ஆங்கிலேயர் கையில். இருந்தாலும் பயனில்லை, நம் கரையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சலங்குதான் அலையைத் தாண்டும். அந்தச் சலங்கு ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்தது. நம் ஆட்களுக்குக் கயிறு தெரியாமலில்லை. ஆனால் தேங்காய் நார் நீளும், அதை வைத்து போர்க்கப்பலின் பாய்மரத்தை விறைப்பாக நிறுத்த முடியாது. அதற்கு வேண்டிய நார் கஞ்சாச் செடியின் இனத்திலிருந்து வருவது, ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல் பட்டறை இருந்தது. சுஃப்ரேன் திருகோணமலையை முந்தின வாரம் பிடித்ததே ஒரு நல்ல துறைமுகத்துக்காகத்தான். சண்டை முடிந்து நான்காம் நாள் அவருடைய 'ஓரியான்' கப்பல் கவனக்குறைவால் கரைதட்டி உடைந்தது. அதன் மரங்களை எடுத்துத்தான் பாய்மரம் இழந்த கப்பல்களை நிறுத்தினார்கள். பள்ளியில் இதை ஒரு வரியாவது சொல்லியிருந்தால் தேதிகள் அடி இல்லாமலே நின்றிருக்கும்.

சரி, என் கதை. வலம்புரிக்கு வழி எளிது, ஆனால் வேலை மூன்று மடங்கு. இருப்பதிலேயே மெல்லிய நூலை மூன்றாகச் சேர்த்தால் இடம்புரி. அப்படி மூன்றை மறுபடி சேர்த்தால் வலம்புரி. ஒரு கயிற்றுக்கு ஒன்பது இழை. பக்கத்து வீட்டுப் பேரன் மாடியில் பம்பரத்தைப் பிடித்துக்கொள்வான், ஒரு கயிற்றுக்கு ஒரு மிட்டாய் கூலி.

ஓபான்களுக்குக் குறுக்கே ஏறுபடிக் கயிறு முடிய வேண்டும். அசலில் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி, என் கப்பலில் ஐந்து மில்லிமீட்டர். மாலுமிகள் மிதித்து மிதித்துப் படிகள் லேசாகத் தொய்ந்திருக்கும். நூலுக்கு எடையில்லை, தானாகத் தொய்யாது. நீர்த்த பசை தடவி, ஈரம் காயும்முன் ஊசி முனையால் ஒவ்வொன்றையும் கீழே அழுத்துகிறேன். கை நடுங்கும் நாளில் தொடுவதில்லை.

தோழன் வியாழக்கிழமைகளில் வருகிறான். நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கிறான், ஒன்றும் சொல்வதில்லை, காபி கேட்கிறான். முன்பாய்மரமும் நடுப்பாய்மரமும் ஆயிற்று. பின்பாய்மரத்தில் இடப்பக்கம் இன்னும் பாக்கி.