போர்காட் மலைப்பாதையும் பழைய படங்களும்

கல்யாணைத் தாண்டிப் பூனா வண்டியில் போகாத மும்பைத் தமிழர் இருக்க மாட்டார். கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள இன்ஜின் மாட்டுவார்கள். நம்மவர்கள் வடா பாவ் வாங்க இறங்கிவிடுவார்கள். பாத்திர வியாபாரத்துக்காக மாதம் இரண்டு முறை அப்படிப் போனவன் நான். 1978இல் ஓர் அக்ஃபா கிளிக் காமிரா வாங்கிய பிறகு வடா பாவை மறந்துவிட்டு மலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16 அன்று முதல் வண்டி ஓடியது எல்லோருக்கும் தெரியும். அது சமதரை, 21 மைல். போர்காட் (சண்டைப் போர் அல்ல, கணவாயின் பேர்) அப்படியா? 1856இல் தொடங்கிய வேலை 1863இல்தான் முடிந்தது. 15 மைல் சொச்சத்தில் 1,831 அடி ஏற்றம், 25 சுரங்கங்கள். வளைய இடமில்லாத ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை மறுமுனைக்கு மாற்றி, திசை திருப்பி ஏற்றினார்கள்.

1859இல் ஒப்பந்தம் எடுத்த சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே நோயில் இறந்தார். மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை; ஆடம்சன், கிளௌசர் என்ற இருவரை வைத்து வேலையை நடத்தினார். அந்த அம்மாள் படமும் எடுத்தவர். வேலை நடந்த மலையின் படங்கள் அவர் பேரில் அறியப்படுகின்றன.

1861இல் ஒரு கட்டத்தில் 42,000 பேர் இங்கே உழைத்தார்கள். காலராவில் எத்தனையோ பேர் போனார்கள். ஆனால் அந்தக் காலக் கண்ணாடித் தட்டுக்கு வெளிச்சம் நெடுநேரம் வேண்டும். பாறை அசையாது, தெளிவாக விழும். கூடை சுமந்து நடப்பவர் வெறும் கலங்கலாகத்தான் விழுவார். பழைய ரயில் படங்களில் ஆளே இல்லையே என்று நான் வெகுநாள் குழம்பியதுண்டு. விஷயம் இதுதான்.

திசை திருப்பும் ஏற்பாடு 1920களின் இறுதியில், மின்சார ரயில் வந்த சமயத்தில், போய்விட்டது. 1930இல் டெக்கான் குவீன் வந்தது. 2002இல் விரைவுச் சாலை முழுதும் திறந்த பிறகு மலையின் முகமே மாறிப்போச்சு.

கண்டாலா அருகே அமிர்தாஞ்சன் பாலம் ஒன்று இருந்தது. அது ரயில் பாலம் என்று என் பிள்ளைகளுக்கு நானே தப்பாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் 1830இல் கட்டிய சாலைப் பாலம், ரயிலுக்கு மூத்தது. நம்ம தைலத்தின் விளம்பரப் பலகையால் வந்த பேர் அது. அந்தத் தைலமும் 1893இல் பம்பாயில் பிறந்து பிறகு சென்னைக்குப் போனதுதான். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாளில், வெடி வைத்துப் பாலத்தைத் தகர்த்தார்கள்.

என் நெகட்டிவ்கள் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் கடையோடு நனைந்து ஒட்டிக்கொண்டன. மிஞ்சியது ஒரே ஒரு பிரிண்ட். கண்டாலாவில் இறங்கி நடந்துபோய் எடுத்த அந்தப் பாலம். நடுவில் என் மைத்துனர் டிபன் கேரியரோடு நின்று பாதிப் பாலத்தை மறைக்கிறார். அன்றைக்கு அவரைத் திட்டினேன். இன்று அவரும் இல்லை. உறுப்பினர் வீடுகளில் அந்த மலைப்பாதைப் படம் ஏதாவது இருந்தால், யார் குறுக்கே நின்றிருந்தாலும் சரி, சங்க நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். பின்பக்கம் வருஷமும், நிற்பவர் பேரும் எழுதிக் கொடுங்கள்.