ஊராத்துறைக் கல்லும் பாரசீகம் விளங்கிய அரசனும்

பொது அறிவுப் புத்தகங்களில் இந்திய வரலாற்றுப் பகுதியைப் புரட்டினால், முஸ்லிம்கள் முதலில் தலைகாட்டுவது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிந்துவில், முகம்மது பின் காசிமின் படையோடுதான். அடுத்தது கஜினி மஹ்மூது. பிறகு 1192இல் இரண்டாம் தராயின் போர், 1526இல் பானிபட். வினாவும் விடையுமாகப் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகிற எங்கட பிள்ளைகளின் மனதில் பதிவது ஒரே படம்தான்: வாளும் குதிரைப்படையும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்தப் படம் பொருந்தாது. இங்கேயும் குதிரை வந்தது. ஆனால் கப்பலில், விலைக்கு வந்தது.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849ஆம் ஆண்டுக்குரியது. வேணாட்டு ஐயனடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைகளை அது சொல்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் கூபி அரபு எழுத்திலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களும் வருகின்றன. அப்போது கஜினி மஹ்மூது பிறக்கவே இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கம் வந்தால், நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பதிப்பித்தார். வெட்டுவித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த ஆணை என்பதே கவனிக்க வேண்டிய சங்கதி. துறைமுகத்தின் மொழி எதுவோ அதில்தானே சட்டம் எழுத முடியும்.

ஆணை சொல்வது இவ்வளவுதான். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, பரதேசிகள் வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் வேண்டும். பல துறைகளிலுள்ள பரதேசிகளும் இந்தத் துறையில் வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் கால்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் கெட்டால் பாதிக்குப் பாதி. உடைந்து கரையொதுங்கிய கப்பல் அந்த மண்ணை ஆள்பவனுக்கே சொந்தம் என்று பல கரைகளில் அள்ளிக்கொண்ட காலம் அது. குதிரை வியாபாரிக்கு முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுப்பது அரசனுடைய தர்ம சிந்தனையால் மட்டும் இருக்காது. அவனுக்குக் குதிரை அவசரமாகத் தேவைப்பட்டது. (யானை நிறைந்த இலங்கைக்கு யானை ஏன் என்று கேட்பவர்கள், அவன் பர்மாவோடு சண்டைக்குப் போனதற்கு யானை வியாபாரமும் ஒரு காரணம் என்று சூளவம்சம் சொல்வதைப் பார்க்கலாம்.)

இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாண்டிய நாட்டு அரசுரிமைப் போரில் தலையிட்ட பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களில் படையும் படவும் சேர்த்தான் என்று சோழர் தரப்பு அதில் பதிந்து வைத்திருக்கிறது. ஆக, இந்தியச் சரித்திரத்தின் ஒரு கதவு ஊர்காவற்றுறையில் இருந்தது.

நயினாதீவுக் கல்லில் "சோனகர்" என்ற சொல் இல்லை. பரதேசி என்ற சொல்லைக் கண்டதும் அது எங்கட முப்பாட்டன்தான் என்று எழுதிவிடுகிற பழக்கம் நம் எழுத்தாளர் சிலருக்கு உண்டு. அது ஆய்வில்லை, ஆசை. சொல்லக்கூடியது இது: குதிரைகள் வந்தது அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து, அந்த வியாபாரத்தில் பெரும்பங்கு முஸ்லிம்கள் கையில் இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராக இருந்ததாகவும், காயல் உட்பட மூன்று துறைகள் அவர் பொறுப்பில் இருந்ததாகவும் எழுதுகிறார். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம்; நிலைமையில் இல்லை. அதே காலத்துப் பாண்டியப் படையை நடத்தி யாப்பகூவை வரை வந்தவன் ஒரு ஆரியச்சக்கரவர்த்தி. அந்தப் பெயரைத் தாங்கியவர்கள்தான் பின்னர் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள்.

1344இல் மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று இந்த ஆரியச்சக்கரவர்த்திகளில் ஒருவனுடைய கரைக்குக் கொண்டுவந்தது. கரையேறிய பத்தாலா என்ற ஊரைப் புத்தளம் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். கப்பல்காரர் பயந்தார்கள், அரசன் கொடியவன், கடற்கொள்ளைக்காரன் என்று பேச்சு. நடந்தது வேறு. தான் மஃபர் சுல்தானின் சகலை என்று பதூதா சொல்லியனுப்ப, அரசன் மூன்று நாள் விருந்து வைத்தான். அவனுக்குப் பாரசீகம் விளங்கும் என்று பதூதா எழுதுகிறார். முத்துகளைக் காட்டி, நீ கண்ட நாடுகளில் இப்படி உண்டா என்று கேட்டான். பாவாத மலைக்குப் போக வேண்டும் என்றதும் பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், சாமான் தூக்க ஆட்களும் கொடுத்தனுப்பினான்.

அந்தச் சகலை, மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன், பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றதை அதே பதூதா வெறுப்போடு பதிகிறார். காளி உத்தியோகம் பார்த்த மனிதர் முஸ்லிம் உறவுக்காரனைக் கண்டிக்கிறார், சைவ அரசனின் உபசரிப்பை மெச்சுகிறார். நம் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பழக வேண்டிய கை இதுதான் என்பது என் எண்ணம்.

பாரசீகம் ஒரு அரசனுக்குச் சும்மா வருவதில்லை. அந்த மொழி பேசுகிறவர்கள் அவனுடைய சபையிலும் பண்டகசாலையிலும் புழங்கியிருக்க வேண்டும். இதை வைத்துச் சோனகதெருவின் இன்றைய குடும்பங்களை அங்கே கொண்டுபோய் நேராக முடிச்சுப் போட முடியாது. ஆனால் "நீங்க எப்ப வந்தனீங்க?" என்ற கேள்வி கேட்கப்படும்போது, கேட்கிறவருக்கும் இந்தத் துறைமுகக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்வி வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, வைத்தீஸ்வராவிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் வளர்ந்த தெருக்கள் ஒரு பகலில் வெறுமையாகின. போனவர்களில் மிகப் பலர் ஒதுங்கியது புத்தளத்தில்.

வீட்டோடு போனவை காணி உறுதிகள், நிக்காஹ் பதிவுகள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், அரபுத்தமிழ் ஏடுகள். பதினான்காம் நூற்றாண்டுக்கு ஒரு மொரோக்கோக்காரரின் சாட்சி இருக்கிறது. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளுக்கு இந்தக் காகிதங்கள்தான் சாட்சி. அவற்றில் மிஞ்சியவை புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் றங்குப்பெட்டிகளில் கிடக்கின்றன. உறுதியில் எழுதிய எல்லைகளை, வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த ஒழுங்கை என்று வாசித்துச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.