கனடாவின் புள்ளிமுறைக் குடியேற்றம்

புள்ளிமுறைக் குடியேற்றம் என்பது, ஒரு நாட்டில் குடியேற விரும்பும் திறன்மிகு தொழிலாளரின் கல்வி, மொழித்திறன், வயது, பணி அனுபவம் முதலியவற்றுக்குத் தனித்தனியே புள்ளி வழங்கி, அவற்றின் கூட்டுத்தொகையைக் கொண்டு அனுமதியை முடிவு செய்யும் முறை. உலகில் முதன்முதலாக, 1967இல், இதைக் கொண்டுவந்த நாடு கனடா. அண்டை நாடான அமெரிக்காவில் தற்காலிக விசாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டினர், குறிப்பாக இந்தியர், நிரந்தர வதிவிட உரிமை தேடி வடக்கே செல்ல இது முக்கிய வழியாக இருந்துவருகிறது.

பின்னணி

புள்ளிமுறைக்கு முந்தைய கனடாவில் விண்ணப்பதாரரின் இனமும் பிறந்த நாடுமே முதலில் பார்க்கப்பட்டன. சீனர்கள்மீது 1885இல் 50 டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டாலராக உயர்ந்தது. 1923 முதல் 1947 வரை சீனக் குடியேற்றம் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கப்பட்டிருந்தது. பிறந்த நாட்டிலிருந்து இடைநிற்காமல் வந்து சேர வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டு விதி, நேரடிக் கப்பல் போக்குவரத்து இல்லாத இந்தியர்களைக் குறிவைத்தது. இந்த விதிக்குச் சவாலாக, 1914இல் 376 பயணிகளுடன் வான்கூவர் வந்த கோமகட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. 24 பேர் மட்டும் அனுமதிக்கப்பட, மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழில்துறை வளர, படித்த தொழிலாளர் தேவைப்பட்டனர். ஐரோப்பாவோ தன் போர்க்கால அழிவிலிருந்து மீண்டு, தன் மக்களுக்குத் தானே வேலை தரத் தொடங்கியிருந்தது. 1962இல் அமைச்சர் எலன் ஃபேர்கிளஃப் கொண்டுவந்த விதிகள் இனப் பாகுபாட்டின் பெரும்பகுதியை நீக்கின. ஆயினும் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குத் தெளிவான அளவுகோல் இல்லை. குடிவரவு அதிகாரியின் மனப்போக்கே பல விண்ணப்பங்களின் முடிவைத் தீர்மானித்தது.

1967 விதிகள்

பிரதமர் லெஸ்டர் பியர்சன் ஆட்சியில், 1967 அக்டோபர் 1 அன்று புள்ளிமுறை நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 100 புள்ளி, தேர்ச்சிக்கு 50. கல்வி, பயிற்சிக்கு 20, அதிகாரியின் நேர்முக மதிப்பீட்டுக்கு 15, தொழிலுக்கு உள்ள தேவைக்கு 15, தொழில்திறனுக்கு 10, வயதுக்கு 10, முன்கூட்டியே உறுதியான வேலைக்கு 10, ஆங்கில, பிரெஞ்சு அறிவுக்கு 10, கனடாவில் உறவினர் இருப்பதற்கு 5, போய்ச் சேரும் பகுதியின் வேலைவாய்ப்புக்கு 5 எனப் பங்கிடப்பட்டது. பிறந்த நாட்டுக்கும் இனத்துக்கும் இந்தப் பட்டியலில் இடமில்லை. அதிகாரியின் விருப்பு வெறுப்பு அடியோடு போய்விடவில்லை என்றாலும், அது நூற்றில் 15க்குள் அடங்கியது.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1970களில் ஆசியாவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வருவோரின் பங்கு வேகமாக உயர்ந்தது. 1983க்கு முன் கனடா சென்ற சிறு எண்ணிக்கையிலான இலங்கைத் தமிழரில் பலர், இந்த வழியில் சென்ற படித்த தொழில்முறையாளர்கள். அந்த ஆண்டு இலங்கையில் உள்நாட்டுப் போர் தொடங்கிய பின் கனடாவில் பெருகிய தமிழ்ச் சமூகத்தின் பெரும்பகுதியோ ஏதிலிகளாகச் சென்றது. அதற்கும் புள்ளிமுறைக்கும் தொடர்பில்லை.

எல்லை தாண்டிய முதல் அலை

புள்ளிமுறையை அண்டை நாட்டவர் பெருமளவில் பயன்படுத்தியது வியட்நாம் போர்க்காலத்தில். கட்டாய இராணுவச் சேவையை மறுத்த அமெரிக்க இளைஞர்கள் எல்லைச் சாவடியிலேயே விண்ணப்பித்துப் புள்ளி பெற முடிந்தது. ஆங்கிலம் பேசும், படித்த இளைஞர்களுக்கு 50 புள்ளி எட்டக்கூடியதாகவே இருந்தது. படையிலிருந்து தப்பியோடியவர்களிடமும் இராணுவ நிலை குறித்துக் கேட்கப்படாது என்று 1969 மே மாதம் அமைச்சர் ஆலன் மெக்கேகன் அறிவித்தார். வருகையாளராக நுழைந்தபின் உள்ளிருந்தே விண்ணப்பிக்கும் வசதி 1972 நவம்பரில் நிறுத்தப்பட்டது.

1976 முதல் 2013 வரை

1978இல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், குடும்பத்தினர், ஏதிலிகள், புள்ளி வழியே தேர்வாகும் சுயேச்சைக் குடியேறிகள் எனப் பிரிவுகளை வகுத்தது. கியூபெக் மாகாணம் தனக்கெனத் தேர்வு முறையை அமைத்துக்கொண்டது. 2002இல் வந்த புதிய சட்டம், குறிப்பிட்ட தொழிலுக்கான தேவையைப் பின்னுக்குத் தள்ளி, எந்த வேலைக்கும் மாறிக்கொள்ளும் படிப்பையும் மொழியறிவையும் முன்வைத்தது. தேர்ச்சி 75 புள்ளி என்று தொடங்கி, 2003இல் 67 ஆனது.

அந்த முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. தேர்ச்சிப் புள்ளி பெற்ற எவர் விண்ணப்பித்தாலும் வரிசைப்படி பரிசீலித்தாக வேண்டும். ஆண்டு ஒதுக்கீட்டைவிட விண்ணப்பங்கள் மிகுந்து தேங்கின. 2012இல் அரசு, 2008 பிப்ரவரி 27க்கு முன் வந்து முடிவு எட்டாத விண்ணப்பங்களைச் சட்டம் போட்டு ரத்து செய்தது. குடும்பத்தினரையும் சேர்த்து ஏறத்தாழ 2,80,000 பேரின் காத்திருப்பு வீணானது. கட்டணம் திரும்பக் கிடைத்தது. கழிந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. 2013இல் மொழிக்கும் இளம் வயதுக்கும் கூடுதல் புள்ளி தரப்பட்டது. வெளிநாட்டு அனுபவத்தின் மதிப்பு குறைக்கப்பட்டது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி

2015 ஜனவரி 1 அன்று தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. மற்றவர்களை முந்தவும் வேண்டும். விண்ணப்பதாரர்கள் 1,200 புள்ளிக்கு மதிப்பிடப்பட்டுத் தரவரிசையில் வைக்கப்படுவர். பொறியியல் கலந்தாய்வைப் போலவே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்-ஆஃப். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு அழைப்பு வரும். முதல் சுற்றில் 886 ஆக இருந்த கட்-ஆஃப், கோவிட் காலத்தில், 2021 பிப்ரவரி 13 அன்று, 75 வரை இறங்கி, 27,332 பேர் ஒரே நாளில் அழைக்கப்பட்டனர். ஏற்கெனவே கனடாவில் பணியாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கான சுற்று அது.

மணமாகாத, முதுநிலைப் பட்டம் பெற்ற 29 வயதுப் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 110, பட்டத்துக்கு 135, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 8, வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 7 எடுத்தால் மொழிக்கு 124. மூன்று ஆண்டு வெளிநாட்டு அனுபவமும் இருந்தால், இவை சேரும்போது கிடைக்கும் கூடுதல் புள்ளி 100. ஆக மொத்தம் 469. அதே தகுதிகளோடு அவர் 35 வயதில் விண்ணப்பித்தால் வயதுப் புள்ளி 77 ஆகக் குறைந்துவிடும். 40இல் 50, 45இல் பூஜ்யம். மாகாணம் ஒன்று முன்மொழிந்தால் மட்டும் ஒரேயடியாக 600 புள்ளி சேரும். வேலை உறுதிக் கடிதத்துக்கான புள்ளி, கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதால், 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. 2023 முதல் மருத்துவம், கைத்தொழில், பிரெஞ்சு மொழி போன்ற பிரிவுகளுக்குத் தனிச் சுற்றுகள் நடக்கின்றன.

எச்-1பி தொழிலாளர்கள்

அமெரிக்காவில் திறன்மிகு தொழிலாளருக்கான தற்காலிக விசாவான எச்-1பிக்கு ஆண்டு வரம்பு 65,000. அங்கேயே முதுநிலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. விண்ணப்பங்கள் இதைவிட மிகுவதால் குலுக்கல் நடக்கிறது. நிரந்தர வதிவிட உரிமை தரும் பணிவழிக் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பதால், இந்தியர்கள் பல்லாண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். பெற்றோரைச் சார்ந்த விசாவில் வளர்ந்த பிள்ளைகள் 21 வயதானதும் அந்த உரிமையை இழக்கிறார்கள். அந்த வரிசையில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் கனடாவின் வயதுப் புள்ளியையும் கரைக்கிறது.

இவர்களை ஈர்க்க, கனடா 2023 ஜூலை 16 அன்று, எச்-1பி வைத்திருப்போருக்கு மூன்று ஆண்டு வரையிலான திறந்த பணி அனுமதியை அறிமுகம் செய்தது. 10,000 இடங்களும் மறுநாளே நிரம்பின. இது புள்ளிமுறைக்கு வெளியே உள்ள தற்காலிக அனுமதிதான். ஆனால் கனடாவில் பெறும் பணி அனுபவத்துக்குத் தனிப் புள்ளி உண்டு என்பதால், நிரந்தர வதிவிடத்துக்கு அது படிக்கட்டானது.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியா 1979இலும் நியூசிலாந்து 1991இலும் புள்ளிமுறையை ஏற்றன. பிரிட்டன் 2002இல் பின்தொடர்ந்தது; ஜெர்மனி 2024இல் வேலை தேடுவோருக்கான புள்ளிவழி அட்டையைக் கொண்டுவந்தது.

மதிப்பீடு

இம்முறையின் தீராத குறை, அரசு புள்ளி கொடுக்கும் பட்டத்தை அதே நாட்டின் தொழில் உரிம அமைப்புகளும் முதலாளிகளும் ஏற்க மறுப்பது. முழுப் புள்ளியோடு அழைக்கப்பட்ட மருத்துவர்களும் பொறியாளர்களும் டாக்சி ஓட்டியும் கிடங்குகளில் வேலை செய்தும் பிழைக்க நேர்ந்தது பெரும் அநீதி. ஒண்டாரியோ 2006இல் உரிமம் பெறும் வழியைச் சீர்செய்யச் சட்டம் இயற்றியது. கனடிய அனுபவம் கட்டாயம் என்பது பாகுபாடே என்று அந்த மாகாண மனித உரிமை ஆணையம் 2013இல் வரையறுத்தது. அங்குள்ள பொறியாளர் உரிம அமைப்பு அந்த நிபந்தனையைக் கைவிட 2023 வரை ஆனது. பிறப்பைப் பார்க்காமல் தகுதியைப் பார்ப்போம் என்று 1967இல் அளித்த வாக்கு குடிவரவு அலுவலகத்தோடு நின்றுவிடாமல், வேலை கொடுக்கும் இடத்திலும் காப்பாற்றப்பட வேண்டியது.