தோல் தொற்றுக்கு எந்தக் களிம்பு? மருத்துவர் எப்படி முடிவு செய்கிறார்?

தோலில் அரிப்பு வந்தால் நம்மில் பலர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. "அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட்" என்று கேட்டு வாங்கி வருகிறோம். ஆனால் மருத்துவர் அரிப்பை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதில்லை. தொற்றுக்குக் காரணம் எந்தக் கிருமி என்பதையே முதலில் பார்க்கிறார்.

பாக்டீரியா: குழந்தைகளின் மூக்கு, வாய் ஓரங்களில் தேன் நிறத்தில் பொருக்குடன் புண் வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா தொற்று. புண் சிறிதாக இருந்தால் மியூபிரோசின், ஃபியூசிடிக் ஆசிட் போன்ற களிம்பு போதும். பரவியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ உள்ளுக்கு மருந்து தேவை.

பூஞ்சை: வட்டமாகப் பரவி, ஓரம் சிவந்து தடித்திருப்பது படர்தாமரை. சந்தேகம் இருந்தால் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குளோட்ரிமசோல், டெர்பினஃபின் போன்ற க்ரீம்கள் இதற்கானவை. தலையில் வந்தால் க்ரீம் மட்டும் போதாது. மருந்து முடியின் வேர் வரை போய்ச் சேராது என்பதால் மாத்திரை தருகிறார்கள்.

சிரங்கு: இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி. விரல் இடுக்கில் தொடங்கும் அரிப்பு இரவில் அதிகமாகும். 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை தடவ வேண்டும். அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் தடவாவிட்டால் மீண்டும் தொற்றிக்கொள்ளும்.

அக்கி: இது வைரஸால் வருவது. மேலே சொன்ன களிம்புகள் எதுவும் இதைக் குணப்படுத்தாது. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவதே நல்லது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த க்ரீம்கள் கடைகளில் கிடைக்கின்றன. தடவிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக வரும். நாளடைவில் தோல் மெலிந்து வரிகள் விழும். அதனால்தான் 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என ஆணையிட்டது. டெர்பினஃபினுக்கு எளிதில் கட்டுப்படாத படர்தாமரைப் பூஞ்சை ஒன்றும் நம் நாட்டில் பரவியுள்ளது. 2020-இல் அதற்கு இந்தியாவைக் குறிக்கும் வகையில் 'டிரைக்கோஃபைட்டான் இன்டோடீனியே' என்று பெயரிட்டார்கள்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது, இதுவரை தடவிய ட்யூபையும் கையோடு எடுத்துச் செல்வோம். ஸ்டீராய்டு தடவிய படர்தாமரை வட்ட வடிவத்தை இழந்து வேறு நோய் போலத் தோன்றும். எதைத் தடவினோம் என்று தெரிந்தால்தான் அவர் சரியான மருந்தைத் தேர்வு செய்ய முடியும். அரிப்பு நின்றவுடன் நாமாகவே மருந்தை நிறுத்தாமல், அவர் சொன்ன நாள் வரை தடவுவோம்.