ஆலயத்தில் இசைக்கருவி: ஒரு பழைய வழக்கு

இன்று ஒரு தேவாலயத்தின் பக்கம் போனால் ஆர்கனோ, கீபோர்டோ, ஆர்மோனியமோ காதில் விழும். அதனால் கிறிஸ்தவ வழிபாட்டில் தொடக்கம் முதலே இசைக்கருவி இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அதுதான் இல்லை. முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் ஆலயத்தில் வெறும் குரலால்தான் பாடினார்கள். கிழக்கு மரபுவழித் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் அப்படித்தான். கருவியில்லாமல் பாடுவதற்கு மேற்கத்திய இசையில் ‘அ காப்பெல்லா’ என்று பெயர். இத்தாலிய மொழியில் அதற்கு ‘சிற்றாலய முறைப்படி’ என்று பொருள்.

ஏன் கருவி வேண்டாம் என்றார்கள்? விவிலியத்தின் 150ஆம் சங்கீதம் எக்காளம், யாழ், கைத்தாளம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஆனால் புதிய ஏற்பாடு, சபை கூடும்போது பாடச் சொல்கிறதே தவிர, வாசிக்கச் சொல்லவில்லை. இரு தரப்பும் காலங்காலமாகக் கையில் வைத்துக்கொண்டு வாதாடும் சான்று இவ்வளவுதான். சான்றைவிடச் சூழலைப் பாருங்கள். ரோமப் பேரரசில் குழலும் பறையும் எங்கே ஒலித்தன? நாடக அரங்கில், குடிவிருந்தில், பிற தெய்வங்களுக்குப் பலியிடும் இடத்தில். அலெக்சாந்திரியாவின் கிளமெந்தும் யோவான் கிறிசோஸ்தோமும் கருவிகளைக் கண்டித்தபோது, அவர்கள் காதில் கேட்டது அந்த இடங்களின் சத்தம்.

ஆர்கனும் ஆலயத்தில் பிறந்த கருவி இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாப் பொறியாளர் ஒருவர் உருவாக்கிய நீர்விசைக் கருவி அது. ரோமர்களின் விளையாட்டு அரங்குகளில் முழங்கியது. 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிராங்கு மன்னர் பெபினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அரசவைக்கான ஆடம்பரப் பொருளாகத்தான் அனுப்பினார். பிறகு மெல்ல மெல்ல மடங்களுக்குள்ளும் பேராலயங்களுக்குள்ளும் நுழைந்து, ஆலயத்துக்கே உரிய கருவி என்று பெயர் வாங்கிவிட்டது!

16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் வழக்கு மறுபடியும் வெடித்தது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சீர்திருத்தத்தை நடத்தியவர் சுவிங்லி. 1527இல் அந்நகரின் பெரிய ஆலயத்து ஆர்கன் உடைக்கப்பட்டது. அது மட்டுமா? பாட்டே நின்றுபோனது. சூரிக் ஆலயங்களில் சபை மறுபடி வாய் திறந்து பாட 1598 வரை ஆயிற்று.

மாணவர்களே, இதைப் படித்துவிட்டு ‘சுவிங்லி இசையை வெறுத்தார்’ என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். அவர் லூட், வயலின், புல்லாங்குழல் எனப் பல கருவிகளை வாசித்தவர், பாட்டும் இயற்றியவர். சீர்திருத்தத் தலைவர்களில் அவர் அளவுக்கு இசைத் தேர்ச்சி உள்ளவர் வேறு யாருமில்லை என்றே சொல்லலாம். வீட்டில் வாசித்தார், ஆலயத்தில் நிறுத்தினார். அன்றைய ஆலயத்தில் பாடகர் குழு லத்தீனில் பாடியது. கும்பிட வந்த மக்களுக்கு அந்த மொழி புரியாது. நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். விவிலியம் கட்டளையிடாத ஒன்று வழிபாட்டில் கூடாது, செபம் உள்ளத்தில் நடக்க வேண்டும் என்பது சுவிங்லியின் வாதம். இசையின் வலிமையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால்தான் அவருக்கு அவ்வளவு பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே நோய்க்கு லூத்தர் வேறு மருந்து கொடுத்தார்: மக்கள் மொழியில் பாட்டு எழுதி மக்களையே பாட வைத்தார், ஆர்கனையும் விட்டுவைத்தார்.

அமெரிக்காவில் இந்த வழக்கு சபையையே பிரித்தது. கெண்டக்கி மாநிலத்து மிட்வே ஊரில், பாட்டு காது கொடுத்துக் கேட்க முடியாதபடி இருக்கிறதென்று 1860 வாக்கில் ஒரு மெலோடியனைக் கொண்டுவந்தார்கள். நம் ஆர்மோனியத்துக்கு உறவுக்காரக் கருவிதான். அங்கே மூண்ட வாதம் பரவிக்கொண்டே போயிற்று. 1906ஆம் ஆண்டு அரசாங்கச் சமயக் கணக்கெடுப்பில், கருவியை ஏற்காத ‘கிறிஸ்துவின் சபைகள்’ தனிப் பிரிவாகப் பதிவாயின. கருவி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. உள்நாட்டுப் போர் முடிந்து தென் மாநிலங்கள் ஏழ்மையில் கிடந்தன. வடக்கிலோ நகரச் சபைகள் வசதியாக ஆர்கன் வாங்கின. கோபம் ஆர்கனின் ஒலிமேலா, விலைமேலா?

தமிழிலும் இதன் கிளை வழக்கு ஒன்று நடந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற கிறிஸ்தவப் புலவர். கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனையை ஆலய வழிபாட்டிலிருந்து விலக்க முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்தார். இசை வேண்டுமா என்ற கேள்வி இங்கே யாருடைய இசை என்று திரும்பிவிட்டது. இதோடு நிறுத்தினால் சாஸ்திரியார் பக்கமே நியாயம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதே மிஷனரிகள் ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்றார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்து எழுதினார்.